கழிபொருளும் பந்தலும்

வேலணைத் தீவின் சாட்டிக் கடற்கரை போன்ற வெளிகளில் மக்கள் திரளாகக் கூடுங்கால் நிழல் வேண்டும். நிழலுக்குப் பந்தல் வேண்டும். சில நாட்களுக்கென எழும் இக்கட்டடம் பிரிக்கப்பட்ட பின்னர் எங்கே போகின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

எம் முன்னோர் இவ்வினாவுக்குப் பந்தலிடு முன்னரே விடை கண்டிருந்தனர். மரத்தினின்று கழிந்த தென்னோலையை நீரில் ஊறவிட்டுக் கிடுகாகப் பின்னினர். பந்தலில் நிழல் தந்த கிடுகு பின்னர் வேலிக்குச் சென்றது. அங்கே உக்கியதும் தோட்டத்துக்குச் சென்றது. கூரையிற் கழித்த பழம் பனையோலையை மண்ணிற் புதைத்துப் பசளையாக்குதல் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நெடுங்காலம் கைக்கொண்ட முறையன்றோ? வாயிலில் நாட்டும் வாழையையும் நோக்குக. வாழை ஒருமுறையே குலை ஈனும். ஆதலின் அம்மரம் எவ்வாறும் வெட்டப்படுவதே. விழா முடிந்தபின் அது மாட்டுக்குத் தீனியாயிற்று. ஆணி அறையாது கயிற்றாற் கட்டியமையாற் கப்பும் வளையும் துளைபடாது மீண்டன.

இந்நெறி பிறநாட்டிலும் பயன் தந்துளது. 1995 ஆம் ஆண்டு யப்பானில் கோபே நகரைப் பூகம்பம் அழித்தபோது, சிகேரு பான் என்னும் கட்டடக் கலைஞர், போத்தற் பெட்டிகளில் மணல்மூட்டைகளை நிரப்பி அத்திவாரமிட்டுக் கடதாசிக் குழாய்களாற் சுவரெழுப்பி வீடிழந்தோர்க்குக் குடில் அமைத்தார். அங்கே அவர் கடதாசிக் குழாய்களால் அமைத்த தேவாலயம் 2005 இல் பிரிக்கப்பட்டுத் தாய்வானுக்குச் சென்று, 2008 இல் மீண்டும் எழுந்தது.

இன்று தகரமும் இரும்புக் குழாயும் வாடகைக்கு வருகின்றன. விழா முடியத் திரும்புகின்றன. அவற்றை நாம் குறைகூறோம். எஞ்சிக் கிடப்பவை பொலித்தீன் தோரணமும் நைலோன் கயிறும் அச்சிட்ட பதாகையுமே. இவை வெயிலில் நொறுங்கித் துகளாகின்றனவேயன்றி மண்ணாவதில்லை. எரிப்பின் நச்சுப்புகை எழும். தீவகத்தில் நன்னீர், சுண்ணக்கல்லினுள்ளே உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படையாகவே நிற்கின்றது. எனவே நிலத்தின்மேல் நாம் விட்டுச்செல்வது கிணற்றை நோக்கியே செல்லும். காற்று அள்ளியது கடலைச் சேரும்.

ஆதலின் மாணாக்கர் பந்தலிடத் தொடங்குமுன் ஒவ்வொரு பொருளைக் குறித்தும் மூன்று வினாக்களை எழுப்புவாராக: இஃது இதற்குமுன் எதற்குப் பயன்பட்டது? சிதைக்காமற் பிரிக்கலாகுமா? நாளை இதனை ஏற்பவர் யார்? மூன்றாம் வினாவுக்கு விடையில்லாத பொருளை வாயிலிலேயே நிறுத்துதல் நன்று. பந்தலின் சிறப்பை விழா நாளிற் காண்பவர் பலர். மறுநாட் காலையிற் கண்டு மதிப்பிடுதலே அறிவுடையோர் செயல்.