இலக்கணமும் லாம்டாவும்

கேள்வி: தமிழ்த்துறை, கணினித்துறை மாணவர்களைச் சேர்த்து லாம்டா கணிதமும் மொழியியலும் பற்றிக் கருத்தரங்கு நடத்த ஆசை. எப்படித் தொடங்கலாம்?
– பேராசிரியர், காஞ்சிபுரம்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே முன்னோடி இருக்கிறது. திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழரின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வேதத்தோடு வியாகரணமும் பயின்ற மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்த செய்தியைச் சொல்கிறது. இலக்கணத்தைச் சேர்ந்திருந்து படிப்பது நமக்குப் புதிதல்ல.

கருத்தரங்கைச் சூத்திரத்தில் தொடங்காதீர்கள், வாக்கியத்தில் தொடங்குங்கள். 'படித்தான்' என்பது இரண்டு வெற்றிடங்கள் கொண்ட கணிதச் சார்பு. 'பாடத்தை' ஒன்றை நிரப்புகிறது. 'கண்ணன்' மற்றதை நிரப்ப, பொருள் முழுமையாகிறது. 1930-களில் தர்க்கவியலாளர் அலோன்சோ சர்ச் வகுத்த லாம்டா குறியீடு இதைத்தான் எழுதிக்காட்டுகிறது. 1970 வாக்கில் இன்னொரு தர்க்கவியலாளர் ரிச்சர்ட் மாண்டேக் அதை இயல்மொழிக்குப் பொருத்தினார்.

அடுத்து, 'எல்லாரும் ஒரு நூலைப் படித்தார்கள்' என்று பலகையில் எழுதுங்கள். ஒரே நூலா, ஆளுக்கொரு நூலா? இரண்டு பொருளுக்கும் தனித்தனி லாம்டா வடிவம் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவிலும் இரு துறையினரும் இருக்கட்டும். வேற்றுமையைத் தமிழ் மாணவர் விளக்க, குறியீட்டைக் கணினி மாணவர் அமைக்கட்டும். வாரம் ஒரு வாக்கியம் போதும், தயங்காமல் தொடங்குங்கள்.