கதவு இருக்கிறது, பில் இல்லை

கேள்வி: என்னிடம் 2017இல் வாங்கிய போக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ கார் இருக்கிறது. போன வாரம் கோவை அவிநாசி சாலையில் லாரி உரசி இடது கதவு நசுங்கிவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் அதே மாடல் பழைய கதவை 45,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லி, ஜிபேயில் 10,000 முன்பணம் வாங்கிக்கொண்டார். பில் கேட்டால், “பழைய சாமானுக்கு ஏது சார் பில்?” என்கிறார். நாளைக்கு இது திருட்டு வண்டிக் கதவு என்று போலீஸ் வந்து நின்றால் என் கதி என்ன? இங்கிலாந்தில் இருக்கும் மச்சான், அங்கேயே பழைய கதவு வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். அது பரவாயில்லையா?

- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழைய பாகம் வாங்குவது குற்றமே இல்லை. புதுப்பேட்டை இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் பாதி வண்டிகள் ஷெட்டில்தான் நிற்கும். உங்களுக்குச் சிக்கல் வருவது வண்டியின் மாடலால். இந்தப் போலோ ஜிடிஐ 2016 கடைசியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ஒதுக்கப்பட்டது மொத்தம் 99 கார்கள். அதுவும் பக்கத்துக்கு ஒரே கதவு. நம் ஊர்ச் சாதாரண போலோவின் முன்கதவு இதைவிட நீளம் குறைவு, பொருந்தவே பொருந்தாது. (இன்னும் அளந்து பார்க்கவில்லை என்றால் முதலில் டேப்பை எடுங்கள். சாதாரண போலோ கதவை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்களோ என்னவோ!) கடைக்காரரிடம் இருப்பது நிஜமாகவே ஜிடிஐ கதவுதான் என்றால், அது அந்த 99இல் ஒன்றிலிருந்து கழற்றியதாக இருக்க வேண்டும், அல்லது கடல் தாண்டி வந்திருக்க வேண்டும். ‘எந்த வண்டியில் கழற்றியது?’ என்று கேளுங்கள். இவ்வளவு அரிதான வண்டிக்கு அவரால் பதில் சொல்ல முடியாவிட்டால், அதுவே உங்களுக்கு எச்சரிக்கை.

பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற நோக்கத்தோடு வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘நம்பக் காரணம்’ என்ற இடத்தில்தான் வழக்கே நிற்கும். நியாயமான விலை கொடுத்து, விசாரித்து, பில்லோடு வாங்கியவரை அந்தப் பிரிவில் மாட்டவைப்பது கடினம். அடிமாட்டு விலை, பில் மறுப்பு, வண்டி விவரம் மறைப்பு மூன்றும் சேர்ந்தால் அரசுத் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

ஜெயிலுக்குப் போகாவிட்டாலும் கதவு போய்விடலாம். திருட்டுப் பொருள் என்று சந்தேகம் வந்தாலே போலீஸ் கைப்பற்றலாம். திருடனிடம் வாங்கியவருக்கு உரிமை வராது என்பது 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் பொது விதி (பிரிவு 27). கதவு உரியவருக்குப் போகும். நீங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியது கடைக்காரரிடம். விற்கும் உரிமை விற்பவருக்கு உண்டு என்பது விற்பனையில் எழுதாமலே அடங்கிய நிபந்தனை (பிரிவு 14). கேட்க ஆளும் கடை முகவரியும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, மீதி 35,000 கொடுக்கும் முன் பில்லில் இவை இருக்கட்டும்: கடைப் பெயர், முகவரி, கதவு கழற்றிய வண்டியின் பதிவு எண், சேஸிஸ் எண். கூடவே, இன்சூரன்ஸ் கம்பெனி சால்வேஜாக விற்ற கடிதமோ, பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தின் சான்றோ நகல் கேளுங்கள். கதவைக் கடையிலேயே எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘பில் கிடையாது’ என்பது கடைக்காரர் உரிமையல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. சொந்தக் காருக்கு வாங்குவதால் நீங்கள் நுகர்வோர்தான். கோவை மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை.

மச்சானிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூலதனப் பொருட்கள் தவிர்த்த பழைய பொருட்களை இறக்குமதி செய்வதற்கு நம் வெளிநாட்டு வணிகக் கொள்கையில் கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிஎஃப்டி) அனுமதி இல்லாமல் வந்தால் கஸ்டம்ஸ் பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம். ‘அன்பளிப்பு’ என்று ஒட்டி அனுப்பினாலும் பயனில்லை. புதுக் கதவு என்றால் இந்தத் தடை இல்லை, வரி கட்டி எடுக்கலாம்.

ஆர்டிஓ பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதே மாடல் கதவு, ஆர்சியில் உள்ள அதே நிறம் என்றால் அது வண்டியை மாற்றியமைப்பதாகாது.

நீங்கள் கேட்காத ஒன்று இன்சூரன்ஸ். ஓன் டேமேஜ் பாலிசி இருந்தால் வண்டியில் கை வைக்கும் முன் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள், சர்வேயர் பார்க்கட்டும். 5 முதல் 10 வயது வண்டிக்கு உலோகப் பாகத்தில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். மீதியை அவர்கள் தந்தால், புதுக் கதவுக்கு நீங்கள் கையிலிருந்து போடுவது எவ்வளவு என்று எஸ்டிமேட் வாங்கி, 45,000த்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குள் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: ‘ஜிடிஐ இடது கதவுக்கு 10,000 முன்பணம் கொடுத்துள்ளேன். வண்டி விவரத்தோடு பில் தந்தால் மட்டுமே மீதியைத் தருவேன், இல்லையேல் முன்பணத்தைத் திருப்பித் தரவும்.’ அவர் அனுப்பும் பதிலை அழிக்காதீர்கள்.