மூலையைப் பிடித்து இழுங்கள்

டிசைனர் வேலை கேட்டு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனால் முதலாளி சான்றிதழைப் பார்க்க மாட்டார். வாட்ஸப்பில் வந்த ஒரு படத்தைத் திறந்து கொடுத்து, "இதை ஆறுக்கு நாலுல வச்சுக் காட்டு தம்பி" என்பார். அவர் கண் உங்கள் கைமேல் இருக்கும். படத்தின் எந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவு ஆகிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. இரவு பதினொரு மணி, விடிவதற்குள் ஒட்ட வேண்டும். கொடுத்த படம் ஒடுக்கம், கட்டமோ அகலம். பக்கவாட்டுப் புள்ளியைப் பிடித்து இழுத்து நிரப்பிவிட்டேன். காலையில் வந்த மகன் போஸ்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க அப்பா ஒல்லியான ஆளுங்க" என்றார். சண்டை போடவில்லை. அவ்வளவுதான் சொன்னார். எல்லாவற்றையும் மறுபடி அடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து எந்த முகத்தையும் நான் ஒரு பக்கமாக இழுத்ததில்லை. இடம் மிஞ்சினால் பின்னணியை நீட்டுங்கள், படத்தை ஓரமாக வைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள். முகத்தை மட்டும் தொடாதீர்கள்.

போட்டோஷாப்பில் கண்ட்ரோல் டி அழுத்தினால் படத்தைச் சுற்றிப் பெட்டி வரும். மூலையைப் பிடித்து இழுக்கும்போது நீள அகல விகிதம் மாறாமல் இருக்க, பழைய பதிப்புகளில் ஷிஃப்டை அழுத்திக்கொள்ள வேண்டும். 2018 அக்டோபரில் வந்த சிசி 2019 பதிப்பில் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள்: சும்மா இழுத்தாலே விகிதம் நிற்கும், ஷிஃப்டை அழுத்தினால் கெடும். இன்றும் பல கடைகளில் பழைய சிஎஸ் பதிப்புதான் ஓடுகிறது. அதனால் புது இடத்தில் உட்கார்ந்ததும் ஒரு மூலையை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கை பழைய முறைக்கே பழகியிருந்தால் பிரிஃபரன்சஸில் ஜெனரல் பகுதிக்குப் போய் 'யூஸ் லெகசி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம்' என்பதை டிக் செய்யலாம்.

அடுத்தது, படத்தைச் சிறிதாக்கி என்டர் தட்டிவிட்டு மறுபடி பெரிதாக்குவது. கடைகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். சிறிதாக்கியபோதே பிக்சல்கள் போய்விட்டன. பெரிதாக்கினால் மங்கல்தான் மிஞ்சும். வேலை தொடங்கும் முன்பே லேயர்மேல் ரைட் கிளிக் செய்து ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்குங்கள். எத்தனை முறை சுருக்கி விரித்தாலும் மூலப் படம் உள்ளே பத்திரமாக இருக்கும். ஆனால் மூலத்தில் இல்லாத தெளிவை அதுவும் தராது. 35-க்கு 45 மில்லிமீட்டர் போட்டோவுக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில், 413-க்கு 531 பிக்சல் போதும். பத்துக்கு ஆறு அடி ஃப்ளெக்ஸ் தூரத்தில் நின்று பார்ப்பது, 72 போதும். அதற்கே 8640-க்கு 5184 பிக்சல் ஆகிறது. அதனால்தான் படத்தைப் பிக்சல் குறையாமல் வாட்ஸப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் என்று வாடிக்கையாளரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

சுழற்றும்போது ஷிஃப்டை அழுத்தினால் 15 டிகிரி கணக்கில் நின்று நின்று திரும்பும். கோலம் போடுகிற மாதிரி ஒரு வட்டப்பூ வேண்டுமா? ஓர் இதழை வரையுங்கள். கண்ட்ரோல் ஜே போட்டு நகல் எடுத்து, கண்ட்ரோல் டி அழுத்தி, நடுவில் இருக்கும் மையப்புள்ளியை இதழின் அடிக்கு நகர்த்துங்கள். புள்ளி தெரியவில்லை என்றால் மேல்பட்டையின் இடது ஓரக் கட்டத்தை டிக் செய்யுங்கள். கோணம் 30 கொடுத்து என்டர். பிறகு கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்து டி-யைப் பத்து முறை தட்டினால் பன்னிரண்டு இதழும் வந்து நிற்கும். கல்யாணப் பத்திரிகை வேலையில் இது தினமும் உதவும்.

இடவலமாகத் திருப்பும் ஃப்ளிப் விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பெண்ணைத் திருப்பி வைப்போம்; இடது தோளில் இருந்த முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். மூக்குத்தி பக்கம் மாறும். நமக்குத் தெரியாவிட்டாலும் பெண் வீட்டார் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

கடைச் சுவரின் படத்தில் பலகை முன்மாதிரி காட்டும்போது கண்ட்ரோல் டி போட்டு, கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக இழுத்து, சுவரின் சாய்வுக்குப் பொருத்துங்கள்.

கோரல் டிராவில் ஒரு கிளிக்கில் அளவுப் புள்ளிகள் வரும், இன்னொரு கிளிக்கில் அவையே சுழற்றும் அம்புகளாக மாறும். அவுட்லைன் உள்ள லோகோவைச் சுருக்கும் முன் எஃப் 12 அழுத்தி 'ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் லோகோ சிறிதாகும், கோடு அதே தடிமனில் நின்று எழுத்தை விழுங்கிவிடும். அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் எழுத்துகளைக் கண்ட்ரோல் க்யூ போட்டுக் கர்வ் ஆக்குவதும் கட்டாயம். அங்கே அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் எல்லாம் கிறுக்கலாகத் திறக்கும்.

வேலை முடிந்ததும் ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடாதீர்கள். லேயர் கலையாத பிஎஸ்டி கோப்பைப் பெயர், ஊர், மாதம் போட்டுச் சேமியுங்கள். அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு அதே வீட்டார் வருவார்கள். அப்போது அவர்கள் போனில் அந்தப் படம் இருக்காது.