பயிற்சி உலங்குவானூர்திகள் விபத்துறுவது ஏன்?

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியிலே மயிற்பொறி ஒன்று வருகின்றது. சச்சந்தன் என்னும் அரசன் அதனைச் செய்வித்து, கருவுற்றிருந்த தன் தேவி விசயையை அதனைச் செலுத்தப் பழக்கினான். பொறியை வலப்புறம் திருகினால் அது விண்ணில் எழும்; இடப்புறம் திருகினால் தரையில் இறங்கும். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த வேளை விசயை அதிலேறித் தப்பினாள். பகைவனின் வெற்றி முரசம் காதில் விழவே அவள் மூர்ச்சையுற்றாள். பொறி சுடுகாட்டிலே இறங்கிற்று. பொறியிற் பழுதில்லை, செலுத்தியவளின் உணர்வே தவறிற்று. இக்காலத்து விமான விபத்து அறிக்கைகளைப் படிப்போர்க்கு இக்காட்சி புதுமையாகத் தோன்றாது.

வன்னி மண்ணிலே வாழும் நமக்கு உலங்குவானூர்தியின் ஓசை வேறு நினைவுகளையே எழுப்பும். 2009 வரை அவ்வோசை கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடியவர் நம்முட் பலர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை அலைக்கழித்தபோதோ, வெள்ளத்தாற் பிரிக்கப்பட்ட ஊர்களுக்கு அவ்வூர்தியே உணவு கொண்டு சென்றது. அந்தப் பணியிலே நவம்பர் 30 அன்று பெல் 212 உலங்குவானூர்தி ஒன்று லுணுவிலப் பகுதியில் வீழ்ந்து, அதன் விமானி உயிர் நீத்தார். அதே ஆண்டு மே 9 அன்று மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் மற்றொரு பெல் 212 வீழ்ந்து அறுவர் மாண்டனர். இவை தொடக்கப் பயிற்சிப் பறப்புகள் அல்ல. ஆயினும் பெரிய ஊர்தியைச் செலுத்தும் எவரும் முதலெழுத்துப் பயில்வது சிறிய பயிற்சி ஊர்தியிலேயே. அமெரிக்கக் கடற்படையிற் பல்லாண்டு பயிற்சிக்கு உதவிய டி.எச்.-57 வகை ஊர்திகள் பத்து இலங்கைக்கு வழங்கப்படும் என 2025-இல் அறிவிக்கப்பட்டது. இக்கல்லூரியின் மாணவர் ஒருவர் நாளை அத்தகைய ஊர்தியிற் பயிலும் இடத்தில் அமர்தல் கூடும். ஆதலின் இப்பொருளை ஈண்டு ஆராய்வாம்.

சாதாரண விமானத்தின் இறக்கை அசையாதது; விமானம் விரைந்தோடுவதாற் காற்று அதன்மேற் பாய்ந்து தாங்குகின்றது. உலங்குவானூர்தியிலோ இறக்கையே சுழல்கின்றது. விமானியின் இடக்கையில் உள்ள நெம்புகோலை உயர்த்தினால் எல்லா அலகுகளும் ஒருசேரச் சரிந்து காற்றை மிகுதியாக வெட்டும், ஊர்தி எழும். வலக்கைக் கோல் முன், பின், பக்கம் எனச் செல்லும் திசையை ஆளும். கால்மிதிகள் வாற்சுழலியை ஆண்டு, ஊர்தி தன்னைத்தானே சுற்றாவண்ணம் காக்கும். இம்மூன்றில் ஒன்றை அசைத்தால் ஏனைய இரண்டையும் திருத்த வேண்டும். தொடக்க மாணவர் ஓரிடத்தில் அசையாது மிதக்கப் பழகுவதே பெரும்பாடு என்பர். பிழையை உணர்ந்து திருத்துகையில் கை மிஞ்சிவிடுகின்றது. மிஞ்சியதைத் திருத்தப் புகுந்து மேலும் மிஞ்சுகின்றது.

விபத்தின் முதற் காரணம், சுழலியின் வேகம் குன்றுதலாம். உலகெங்கும் பயிற்சிக்குப் பெரிதும் பயன்பட்டு வரும் ரொபின்சன் ஆர்-22 என்னும் ஊர்தியை எடுத்துக்கொள்வோம். அது 1975-இல் முதன்முதற் பறந்தது, இருவரே அமரத்தக்கது. பயணிகளும் எரிபொருளும் உட்பட அதன் உச்ச நிறை ஏறக்குறைய 620 கிலோகிராம். அலகுகள் இலேசானவை ஆதலின், இயந்திரம் நின்றவுடன் அவற்றின் சுழற்சி விரைந்து தளரும். ஓரிரு வினாடிக்குள் விமானி இடக்கை நெம்புகோலைத் தாழ்த்திவிட வேண்டும். தாழ்த்தினால், கீழிருந்து எழும் காற்று, சிறுவர் கையிலுள்ள பனையோலைக் காற்றாடியைச் சுழற்றுவதுபோல், சுழலியைச் சுழற்றிக் கொண்டேயிருக்கும். ஊர்தி பத்திரமாக இறங்கும். தாழ்த்தத் தவறினால் அலகுகள் காற்றைப் பற்றும் ஆற்றலை இழக்கும். பின்னர் எத்துணை வல்லவராலும் அதனை மீட்க இயலாது. கீழே விழும்போது நெம்புகோலை மேலே இழுப்பதே மனித இயல்பு. ஈண்டு அவ்வியல்பே பகையாகின்றது.

இவ்வாறு இயந்திரமின்றி இறங்கும் முறையைப் பயிலும்போதும் விபத்துகள் நேர்கின்றன. தரைக்கு அண்மையில் ஊர்தியின் மூக்கை உயர்த்தி வேகத்தைத் தணித்து, இறுதியிலே நெம்புகோலை உயர்த்தி மெல்ல இருத்துதல் வேண்டும். சற்று முந்தினாலும் பிந்தினாலும் தரையில் மோத நேரும். உண்மையான இயந்திரக் கோளாறினின்றும் காக்கும் பாடமே, கவனக்குறைவாற் கேடு விளைத்தலும் உண்டு.

இரண்டாவது காரணம், வலக்கைக் கோலைத் திடீரென முன்னே தள்ளுதலாம். ஈரலகுச் சுழலி ஊஞ்சற் பலகைபோல் நடுவிலே தொங்குவது. கோலை முன்னே தள்ளினால் ஊர்தி ஒரு கணம் நிறையற்றதுபோலாகிப் பக்கவாட்டிற் சரியும். அச்சரிவைத் திருத்த மாணவன் கோலை மறுபக்கம் இழுப்பின், சுழலியின் நடுப்பகுதி அதனைத் தாங்கும் தண்டிலே இடித்து அதனை முறிக்கலாம்; அலகு வாற்பகுதியை வெட்டலாம். கோலை முதலில் மெல்லப் பின்னிழுத்துச் சுழலிக்குப் பாரம் ஏற்றிய பின்னரே சரிவைத் திருத்துதல் வேண்டும்.

1992 ஜூன் 29 அன்று கலிபோர்னியாவின் ரிச்மண்ட் அருகே ஆர்-22 ஒன்று பாடம் நடந்துகொண்டிருக்கையிலே வானிற் சிதைந்தது. ஆசிரியரும் மாணவரும் மாண்டனர். பாடத்தைப் பதிவு செய்ய ஊர்தியில் வைக்கப்பட்டிருந்த சிறிய ஒலிப்பதிவுக் கருவி பின்னர் விசாரணையாளர் கைக்குக் கிடைத்தது. அவ்வுரையாடல் எவ்வித எச்சரிக்கையுமின்றி இடைநடுவே அறுந்திருந்தது. இத்தகைய விபத்துகளின் பயனாக, 1995-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் ஆர்-22, ஆர்-44 ஊர்திகளுக்குத் தனிப் பயிற்சி விதிகளை வகுத்தது. மாணவர் 20 மணி நேரம் ஆசிரியருடன் பறந்த பின்னரே ஆர்-22-இல் தனித்துப் பறக்கலாம். அதனைக் கற்பிப்பவர் உலங்குவானூர்திகளில் 200 மணி நேரமும், அவற்றுள் ஆர்-22-இல் 50 மணி நேரமும் பறந்திருத்தல் வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. ஆசிரியர்க்கும் தகுதி வரையறுத்தமை நாம் கருதத்தக்கது.

மூன்றாவது, தரையை அடுத்து நேரும் விபத்துகள். மாரியில் நம் வயல்களைப் போன்ற சேற்று நிலத்தில் ஊர்தி எழும்போது, அதன் சறுக்குகால்களுள் ஒன்று சேற்றிலோ வேரிலோ சிக்கினால், எழும் விசையே ஊர்தியைப் பக்கமாகப் புரட்டிவிடும். அப்போது நெம்புகோலை மெல்லத் தாழ்த்துவதே மருந்து. மேலும், முன்னோட்டம் குன்றிய நிலையில் விரைந்து நேர்கீழாக இறங்கினால், ஊர்தி தானே கீழ்நோக்கித் தள்ளிய காற்றுச் சுழலில் அகப்படும். அப்போது வலுவைக் கூட்டக்கூட வீழ்ச்சி கடுகும். முன்னோக்கியோ பக்கமாகவோ நகர்ந்து அச்சுழலை விட்டு வெளியேறல் வேண்டும்.

நான்காவது, வெப்பமும் ஈரமும். சோளகம் வீசும் மாதங்களிலே நம் நாட்டு வெயிலில் காற்று இலேசாகும். சுழலிக்குப் பிடிப்புக் குறையும். இயந்திர வலுவும் தளரும். குளிர்நாட்டில் எளிதில் எழும் நிறை ஈண்டுப் பெருஞ்சுமையாகும். பெருத்த உடலினர் இருவர் அமர்ந்து எரிபொருளையும் நிரப்பினால் சிறிய ஊர்தி தன் எல்லையை எட்டிவிடும். இன்னொரு வியப்பும் உண்டு. காபுரேற்றர் பொருத்திய இயந்திரத்திற் பெற்றோல் ஆவியாகும்போது உட்காற்று மிகக் குளிர்கின்றது. ஈரம் மிகுந்த நாளில், வெளியே 20 பாகை செல்சியசுக்கு மேலான வெப்பம் இருந்தும், உள்ளே பனிக்கட்டி படிந்து மூச்சடைக்கும். வெப்ப நாட்டிற் பனி ஏது என்று மாணவன் அசட்டை செய்வதே ஆபத்து. சுடுகாற்றை உட்செலுத்தும் விசையை முன்கூட்டியே இயக்குதல் அவன் கடன்.

ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியாதவை. வயல்வெளிக்கு மேலாகச் செல்லும் மின்கம்பி, வானிலிருந்து நோக்குவார்க்குப் புலப்படுவது அரிது. கம்பத்தைக் கண்டால் கம்பி உண்டு என்று கொள்ளல் வேண்டும். முகிலோ அதனினும் கொடியது. 2021 டிசம்பர் 8 அன்று தமிழ்நாட்டில், சூலூரிலிருந்து வெல்லிங்டனுக்குச் சென்ற இந்திய வான்படையின் எம்.ஐ.-17 ஊர்தி குன்னூர் அருகே வீழ்ந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதிற் சென்ற 14 பேரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் மருத்துவமனையிற் சில நாள் போராடி உயிர் நீத்தார். எதிர்பாராது மாறிய வானிலையால் ஊர்தி முகிலுட் புகுந்தது என்றும், விமானிக்குத் திசையுணர்வு மயங்கியது என்றும், இயந்திரக் கோளாறு இல்லை என்றும் விசாரணை மன்றம் கண்டது. பெரிய ஊர்தியில் பயின்று தேர்ந்தவர்க்கே இந்நிலையெனின், கருவிகளை நோக்கிப் பறக்கப் பழகாத மாணவன் முகிலைக் கண்டதும் திரும்புதல் ஒன்றே வழி.

இவ்வைந்தையும் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பிழைக்கும் அதன் விளைவுக்கும் இடையே உள்ள காலம் மிகச் சிறியது. வகுப்பறையிலே மாணவன் ஒற்றுப்பிழை விட்டால், சிவப்பு மையால் வட்டமிட்டு மறுநாட் காட்டுகின்றோம். அவன் தானே தன் பிழையைக் காணட்டும் என்று காத்திருத்தல் நல்லாசிரியர் இயல்பு. அவ்வியல்பு வானிலே ஓர் எல்லைக்கு உட்பட்டது. கையை விரைந்து நீட்டினால் மாணவன் கற்கமாட்டான். தாமதித்தால் இருவரும் பிழைக்கமாட்டார்கள். ஆதலின் இரண்டு வினாடியிற் சொல்ல இயலாதவற்றை, தரையிலே கரும்பலகையின் முன்னே முழுமையாகச் சொல்லிவிடல் வேண்டும். ஊர்தி இப்போது யார் கையில் என்ற ஐயம் ஒருகணமும் நிலவலாகாது. "நான் ஏற்கிறேன்" என்று ஒருவர் கூற, "நீங்கள் ஏற்றீர்கள்" என்று மற்றவர் மொழிதல் வேண்டும் என்னும் வழக்கம் இதன் பொருட்டே எழுந்தது.

விபத்தின் பின் யாது செய்தல் வேண்டும் என்பதும் கல்வியின் பாற்பட்டதே. "விதி" என்று கூறிக் கண்ணீரைத் துடைத்துக் கொள்வது நம்மவர் வழக்கம். அன்றேல் ஒருவரைச் சுட்டிப் பழிப்பது. 1951-இல் அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஏற்றுக்கொண்ட 13ஆம் இணைப்பு வேறொரு நெறியை நிறுவியது. விபத்து விசாரணையின் நோக்கம் இனியொரு விபத்தைத் தடுத்தலேயன்றிப் பழி சுமத்துதல் அன்று என்பது அந்நெறி. பிழையைச் சொன்னால் தண்டனை வரும் என அஞ்சுமிடத்திற் பிழைகள் மறைக்கப்படும். மறைந்த பிழை மற்றொருவரின் உயிரைக் கொள்ளும்.

வானூர்தி செலுத்த விரும்பும் நம் மாணவர்க்கு ஆசிரியர் என்ற முறையில் நாம் வேண்டுவது இரண்டு. வானிலை ஒவ்வாத நாளிலும், உடல் நலிந்த நாளிலும், "இன்று பறக்க இயலாது" என்று கூற வெட்கப்படாதீர்கள். விளங்காத பாடத்தை விளங்கிற்று என்று தலையசைக்காதீர்கள். இவ்விரு பழக்கங்களும் விமானப் பள்ளியிலே புதிதாக முளைப்பன அல்ல. நம் வகுப்பறைகளிலே, ஐயத்தை அஞ்சாது வினாவும் மாணவனிடமும், அவ்வினாவுக்குச் சினவாத ஆசிரியரிடமும் வளர்வன. யூபிலி காணும் இக்கல்லூரி அத்தகைய வகுப்பறைகளை என்றும் பேணுவதாக.