நெடுந்தூர ஓட்டப் பயிற்சி: தொடங்கும் முன் அறிய வேண்டியவை

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். சென்னையில் இவ்வோட்டம் பெரும்பாலும் ஜனவரி மாதத்தில் நடைபெறுகிறது. சிகிச்சை பெற்று உடல் தேறியவர்களில் சிலர், "நானும் ஓடலாமா?" என்று வினவுவதுண்டு. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இருப்பதாலேயே ஓட்டம் விலக்கப்பட்டதாகாது. ஆயினும், தொடங்கும் முறையை அறிந்து தொடங்குதல் இன்றியமையாதது.

முதலில் மருத்துவ ஆலோசனை

பயிற்சித் திட்டத்தின் முதல் நாள் மருத்துவரின் அறையில் அமைய வேண்டும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் அவரிடம் தெரிவியுங்கள். உழைக்கும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ ஏற்பட்டதுண்டா, குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்ததுண்டா என்பவற்றையும் மறைக்காமல் கூறுங்கள். தேவையெனில் அவர் இசிஜி, டிரெட்மில் சோதனைகளைப் பரிந்துரைப்பார்.

உடல் பழகும் காலம்

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகத் தொடங்குகின்றன. எலும்புகளும் தசைநாண்களும் உறுதி பெறப் பல மாதங்கள் ஆகும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்று தூரத்தைத் திடீரெனக் கூட்டுபவருக்கே கால் எலும்பில் நுண்முறிவு ஏற்பட வாய்ப்பு மிகுதி. ஆகவே, ஓட்டம் எளிதாகத் தோன்றும் நாட்களில்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை.

திட்டத்தின் வடிவம்

தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றி 30 நிமிடங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக வாரத்தில் மூன்று நாட்கள் போதும். ஓடும்போது முழு வாக்கியம் ஒன்றைத் தடையின்றிப் பேச முடிய வேண்டும். முடியாவிடில் வேகத்தைக் குறையுங்கள். 30 நிமிடங்கள் இடைவிடாது ஓட இயன்ற பின்னரே மாரத்தானுக்குரிய 16 முதல் 20 வாரப் பயிற்சியில் இறங்கலாம். ஜனவரியில் ஓட விரும்புபவர் ஆகஸ்டு மாதத்திலேயே அந்நிலையை எட்டியிருப்பது நன்று. செப்டம்பரில்தான் முதலடி வைக்கிறீர்கள் எனில், இவ்வாண்டு 10 கிலோமீட்டர் ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அது தோல்வியன்று, அறிவுடைமை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

இன்சுலினும் சில மாத்திரைகளும் ஓட்டத்தின்போது மட்டுமன்றி, அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடக்கூடும். ஓடும் முன்னும் பின்னும் அளவைச் சோதியுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் ஓட்டத்தை நிறுத்தி, 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதியுங்கள். மருந்தின் அளவைத் தாமாக மாற்றலாகாது.

குடும்பத்தாரின் பங்கு

செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் அறிந்து வையுங்கள். வெயில் ஏறுமுன் பயிற்சி முடியட்டும். தாகத்திற்கு ஏற்ப நீர் அருந்தினால் போதும். அளவு மீறிய நீர் இரத்தத்தின் உப்புச் சத்தைக் குறைத்து ஆபத்தை விளைவிக்கும். நெஞ்சில் இறுக்கம், மயக்கம், குழப்பமான பேச்சு ஆகியவற்றுள் எது தோன்றினும் காலம் தாழ்த்தாமல் 108 எண்ணை அழையுங்கள்.

பந்தயம் அடுத்த ஆண்டும் நடைபெறும். அன்று ஓட உடல் நலமாக இருப்பதே பயிற்சியின் முதல் நோக்கம்.