கல்லாவில் இருப்பதெல்லாம் இலாபமா?

பள்ளி விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகள் கடைக்கு வந்து கல்லாவில் அமர்கிறார்கள். சில்லறை எண்ணவும் பொட்டலம் கட்டவும் விரைவில் பழகிவிடுகிறார்கள். ஆனால் மாலையில், "இன்று எவ்வளவு இலாபம்?" என்று கேட்டால் கல்லாப் பணத்தை எண்ணிச் சொல்கிறார்கள். பிள்ளைகளை மட்டும் குறை சொல்வானேன்? பெரியவர்களிலும் இப்படிச் சொல்வோர் உண்டு. கூட்டம் குறையாத கடைகூட ஒரு நாள் கதவடைக்க இது காரணமாகி விடுகிறது. ஆகவே மாணவர்களுக்காக இதனை எழுதுகிறோம்.

ஒரு டஜன் கைலியை 240 வெள்ளிக்குக் கொள்முதல் செய்ததாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் அடக்கம் 20 வெள்ளி. விற்பது 25 வெள்ளி. பத்துக் கைலி விற்றதும் கல்லாவில் 250 வெள்ளி இருக்கும். போட்ட 240 போக 10 வெள்ளிதான் இலாபம் என்பான் ஒரு பிள்ளை. அதுவும் தவறு. விற்ற பத்தின் அடக்கம் 200. ஆகவே இலாபம் 50. மீதி 40 வெள்ளி எங்கே? அலமாரியில் இரண்டு கைலிகளாக மடிந்து கிடக்கிறது! ஸகாத்துக் கணக்கில் சரக்கையும் மதிப்பிட்டுச் சேர்க்கும் நாம், இலாபக் கணக்கில் அதை விட்டுவிடலாமா?

இந்த 50 மொத்த இலாபம். வாடகை, ஆள் சம்பளம், மின்சாரம் யாவும் போக நிற்பதே நிகர இலாபம். வீட்டுச் செலவுக்கு அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். முதலில் கைவைப்பது விதைநெல்லைக் குத்திச் சமைப்பதாகும்.

நூற்று வீதத்திலும் கவனம் தேவை. 20-க்கு வாங்கி 25-க்கு விற்றால் அடக்கத்தின் மேல் 25 விழுக்காடு இலாபம். விற்ற விலையில் பார்த்தால் 20 விழுக்காடுதான். இதறியாமல், "25 விழுக்காடு இலாபம் இருக்கிறதே" என்று பெருநாளைக்கு 25 விழுக்காடு தள்ளுபடி போட்டால், கைலி 18 வெள்ளி 75 காசுக்குப் போகும். ஒவ்வொன்றிலும் 1 வெள்ளி 25 காசு நஷ்டம்!

இனி, கடன். தெரிந்த முகம் என்று ஒரு கைலியைக் கடனாகக் கொடுத்து, அது வராமற்போனால் அடக்கம் 20 வெள்ளி போயிற்று. ஒரு கைலியில் கிடைப்பது 5 வெள்ளியாதலால், இன்னும் நான்கு விற்றால்தான் அந்த ஒன்று ஈடாகும். அதற்குள் வாடகை நாள் வந்துவிடும். நாமே அந்த டஜனைத் தவணைக்கு வாங்கியிருந்தாலோ, கல்லாவிலுள்ள 250-ல் 240 மொத்த வியாபாரியுடையது. அதைக் கொண்டு வேறு சரக்கு வாங்குகிறவர் தவணை நாளில் திண்டாடுவார். கொடுத்ததையும் வாங்கியதையும் அன்றன்றே ஏட்டில் ஏற்றவேண்டும். தவணைக் கடனை எழுதிவைக்குமாறு திருக்குர்ஆனில் அல்பகறா 282-ஆம் வசனம் பணிக்கிறது. வருமான வரிச் சட்டப்படியும் கணக்கேடுகளை மலேசியாவில் 7 ஆண்டும் சிங்கப்பூரில் 5 ஆண்டும் காத்துவைக்க வேண்டும். சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதுவது கணக்கேடு ஆகாது.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கடைக்காரர் 24 குடைகளை, ஒன்று 8 வெள்ளி வீதம் ரொக்கத்திற்கு வாங்கினார். 12 வெள்ளி வீதம் 15 குடைகளை ரொக்கத்திற்கும் 3 குடைகளைக் கடனுக்கும் விற்றார். கல்லாவில் 180 வெள்ளிதான். போட்ட பணத்தில் 12 வெள்ளி குறைகிறது. ஆயினும் மொத்த இலாபம் 72 வெள்ளி. எப்படி என்று ஏட்டில் போட்டுப் பாருங்கள். கடன் வாங்கிய மூவரும் திரும்பி வராவிட்டால் இலாபம் எவ்வளவு என்பதையும் எழுதி, கடையிலுள்ள பெரியவர்களிடம் காட்டுங்கள்.