கூட்டம் ஓடும் திசை

கூட்டம் ஓடும் திசையிலெல்லாம் பொன் கிடைப்பதில்லை. 1880-ஐ ஒட்டி, வயநாட்டில் தங்கம் உண்டென்ற செய்தி பரவியது. வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்று அஞ்சியோர் லண்டனில் தோன்றிய நிறுவனங்களில் பணத்தைக் கொட்டினர். சில ஆண்டுகளில் அவை சரிந்தன. கோலாரில் மைசூர் சுரங்கத்தையும் கைவிட எண்ணினர். ஜான் டெய்லர் நிறுவனத்தின் அறிவுரைப்படி மேலும் ஆழமாகத் தோண்டியபோது தங்கப் படிவம் வெளிப்பட்டது.

தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. இன்று அவ்வூர் இளைஞர் பலர் விடியலில் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். அதைக் காணும் மாணவன், ‘நண்பன் சேரும் படிப்பில் சேராவிட்டால் பின்தங்கிவிடுவேன்’ என்று பதறுவதுண்டு. ‘எல்லோரும் எங்கே செல்கின்றனர்?’ என்பதன்று அவன் கேட்க வேண்டிய வினா. ‘எப்பணியில் என் மனம் சலியாது ஈடுபடுகிறது?’ என்பதே. அதற்குரிய அவகாசத்தைப் பெற்றோர் அளித்தல் வேண்டும். சுரங்கமும் ஒருநாள் மூடப்படலாம். தன்னை அறிந்து உழைப்பவனின் ஆற்றல் அழிவதில்லை.